சர்க்கார் வீட்டுப் புகைக் கணக்கு

திருக்காட்டுப்பள்ளியில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர் அது. அக்கினீசுவரர் கோயில் உள்ள ஊர். அத்தைக்குக் கோயில் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அவளுடைய கணக்கு நோட்டு. பால் கணக்கு, சலவைக் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாவற்றுக்கும் தனித் தனிப் பக்கம் உண்டு. கரண்டுக்கும் ஒரு பக்கம். வாசல் மீட்டரை ஞாயிற்றுக்கிழமை தோறும் தானே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து எழுதி வைப்பாள். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் போக, மிச்சத்துக்குத்தானே பணம்? அந்த மிச்சம் போன தடவையைவிடப் பத்து யூனிட் ஏறிவிட்டால் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

போன தை மாதம் அறுவடை சமயத்தில் அங்கே போயிருந்தேன். ஏதோ ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்று அத்தை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஓர் ஆபீசுக்குப் போனாள். எந்த ஆபீஸ், எந்த ஊர் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். பகல் ஒன்றரை மணி. உள்ளே ஒரு ஜீவன் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாலு மின்சார விசிறிகள் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே வெயில் கொட்ட, தலைக்கு மேலே ஆறு குழல் விளக்குகள் எரிந்தன. அத்தைக்குக் கை பரபரத்தது. எழுந்து போய் சுவிட்சுகளைப் பட்பட்டென்று அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வாசலிலிருந்து பியூன் ஓடி வந்தார். "அம்மா, அதையெல்லாம் தொடாதீங்க! ஐயா வந்தா கோவிச்சுக்குவார்" என்று மறுபடியும் எல்லாவற்றையும் போட்டார்.

திரும்பி வரும்போது அத்தை கேட்டாள்: "ஏண்டி, விளக்கை அணை, மின்சாரத்தை மிச்சம் பிடி, உலகமே சூடாகிறதுன்னு நமக்குப் புத்தி சொல்றாங்களே, இந்த சர்க்கார் தன் வீட்டுக் கணக்கை எழுதறதா, இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் புத்தகங்களையும் அறிக்கைகளையும் புரட்டினேன். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த விசிறிக்கு வருகிறேன். சாதாரண மின்சார விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். காலி அறையில் எட்டு மணி நேரம் சுற்றினால் 0.6 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்து வருவது. ஆகையால் சராசரியாக ஒரு யூனிட்டுக்குப் பின்னால் எங்கோ ஓர் இடத்தில் சுமார் 700 கிராம் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. ஆளில்லாத ஒரு நாற்காலிக்கு ஒரு நாள் காற்று வீசியதற்கு 400 கிராமுக்கு மேல் புகை! கத்தரிக்காயாக இருந்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும். இந்த வாயு பூமிக்குக் கம்பளி போர்த்தியதுபோல் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நூறு இருநூறு வருஷத்துக்குப் போர்வை கலையாது என்பதுதான் சங்கடம்.

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. (அதற்கு மழை மாத்திரம் காரணமல்ல, ஆற்று நீர் வழக்கும் உண்டு.) 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. அந்த வருஷம் அத்தை கரண்டுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதியிருந்த நெல் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் நேர்மாறாக, அறுக்கப் போகிற சமயத்தில் மழை கொட்டி, முற்றிய சம்பாக் கதிர் சேற்றில் சாய்ந்தது. இன்ன வருஷத்து வறட்சிக்கு இன்ன புகைதான் காரணம் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் கடல் சூடேற ஏற, பொய்த்தால் ஒரேயடியாகப் பொய்ப்பதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும் அதிகமாகும் என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமில்லை.

கணக்கு எழுதிய ஒரு சர்க்கார்

அத்தையின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஒரு சர்க்கார் பிரிட்டனில் இருந்தது. 2010 மே மாதம் அங்கே புதிதாகப் பதவி ஏற்ற பிரதமர் டேவிட் காமரூன், மத்திய சர்க்காரின் காரியாலயங்கள் பன்னிரண்டே மாதத்தில் தங்கள் புகையைப் பத்து சதவிகிதம் குறைக்கும் என்று அறிவித்தார். தலைமைக் காரியாலயங்கள் அந்தந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்பதைப் பொது ஜனங்களே பார்க்கலாம் என்றும் ஏற்பாடு ஆயிற்று. வாசல் மீட்டரைத் தெருவுக்குத் திருப்பி வைத்ததுபோல! வருஷம் முடிந்து பார்த்தால் குறைந்தது 13.8 சதவிகிதம். பெரும்பாலும் சில்லறைச் சிக்கனங்கள்தாம்: அறைச் சூட்டைச் சரியாக வைப்பது, ஆளில்லாத நேரத்தில் யந்திரங்களை நிறுத்துவது, பாதி காலியாகக் கிடக்கும் இரண்டு ஆபீஸ்களை ஒன்றாக்குவது.

சாமர்த்தியசாலிகள் உடனே கேட்பார்கள்: சில்லறைச் சிக்கனத்துக்கு ஓர் எல்லை இல்லையா? இருக்கிறது. பத்து வருஷங்களில் அந்தப் புகை பாதியாக இறங்கியது உண்மை. ஆனால் அதில் ஒரு பங்கு ஆபீஸ்காரர்கள் செய்ததல்ல; கம்பியில் வந்த மின்சாரமே அந்தக் காலத்தில் சுத்தமாகிக்கொண்டு வந்தது. நிலக்கரி உலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, கடைசி உலையை 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி அணைத்துவிட்டார்கள். ஆகவே விளக்கை அணைப்பது ஒரு பாதி, விளக்குக்கு வரும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது மறு பாதி. இந்த இரண்டாவது பாதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வரும்போது அதுதான் பெரிய விஷயமாகப் போகிறது.

பூதலூர் ஸ்டேஷனில்

திருக்காட்டுப்பள்ளியில் டில்லி சர்க்காரை எங்கே பார்க்கலாம்? தபாலாபீசில் பார்க்கலாம். பாங்கில் பார்க்கலாம். ஆனால் அதன் முழு விசுவரூபத்தையும் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி, வெண்ணாற்றைத் தாண்டி, பூதலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மத்திய சர்க்கார் தன் கையாலேயே நடத்தும் காரியங்களில் ரயிலைப்போல் எண்ணெயும் மின்சாரமும் சாப்பிடுவது அபூர்வம்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் இந்தப் பாதை 1860-களின் ஆரம்பத்தில் போட்டது. தென்னாட்டின் மூத்த பாதைகளில் ஒன்று. கரி எஞ்சின் காலத்தில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் கண்ணில் கரித்தூளோடுதான் இறங்குவார்கள். பிறகு டீசல் வந்தது. இப்போது தண்டவாளத்துக்கு மேலே கம்பி ஓடுகிறது. எஞ்சின் வந்து நிற்கிறது, போகிறது. புகை என்று ஒரு பொட்டு இல்லை. பிளாட்பாரத்தில் நெல் மூட்டை நிறத்தில் புடவை கட்டியிருந்த ஒரு பாட்டி, "வண்டி வந்ததே தெரியலை" என்று குறைப்பட்டுக்கொண்டதையும் கேட்டேன்.

இந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. இந்தியாவில் முதல் மின்சார ரயில் பம்பாயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி ஓடியது. சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல். அதிலிருந்து 2014 வரையில், ஏறக்குறைய தொண்ணூறு வருஷங்களில், மின்சாரக் கம்பி போட்டது சுமார் 21,800 கிலோமீட்டர். அதற்குப் பின் வந்த பத்தே வருஷங்களில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போட்டுவிட்டார்கள். 2025-இல் நாட்டின் அகல ரயில் பாதையில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் கம்பி வந்தாயிற்று. பத்து வருஷத்துக்கு முன்பு ரயில்வே ஆண்டுக்கு 250 கோடி லிட்டருக்கு மேல் டீசல் எரித்துக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் போட்டுப் பாருங்கள், 67 லட்சம் டன் கரியமில வாயு வரும்.

நாடு முழுவதும் 2070-க்குள் புகைக் கணக்கை நேர் செய்வது, அதாவது வெளிவிடும் புகைக்கு ஈடாக அவ்வளவையும் திரும்பப் பிடித்து மிச்சம் பூஜ்யம் என்று காட்டுவது, என்று நம் சர்க்கார் 2021 நவம்பரில் கிளாஸ்கோ மகாநாட்டில் சொன்னது. ரயில்வேயோ அதற்கு முன்பே தனக்கு 2030 என்று கெடு வைத்துக்கொண்டது. வீட்டுக்குள்ளே மூத்த பிள்ளை நாற்பது வருஷம் முந்திக்கொள்கிறேன் என்கிறான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தையின் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டால் ஓர் இடத்தில் பென்சில் நின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ புகை. அதிலே எஞ்சின் சக்கரத்துக்குக் கிடைக்கும் வேலை சுமார் மூன்றரை யூனிட். அதே வேலையைக் கம்பியிலிருந்து எடுக்க, வழியில் சேதாரம் போக, நாலு யூனிட் வாங்க வேண்டும். யூனிட்டுக்கு 700 கிராம் என்று போட்டால் 2.8 கிலோ! ஏறக்குறைய சரிக்குச் சரி. பூதலூரில் புகை நின்றது வாஸ்தவம். எங்கே போயிற்று? நெய்வேலிக்கும் மற்ற அனல் நிலையங்களுக்கும் குடி போயிற்று.

அப்படியானால் கம்பி போட்டது வீண் செலவா என்று கேட்காதீர்கள். டீசல் எஞ்சினை நீங்கள் என்ன கெஞ்சினாலும் அது வெயிலைச் சாப்பிடாது, காற்றைச் சாப்பிடாது, டீசல்தான் சாப்பிடும். மின்சார எஞ்சினுக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. கம்பியில் எது வந்தாலும் ஓடும். பவானி தண்ணீரும் அமராவதி தண்ணீரும் காவிரியில் கலந்து வருகின்றன. திருக்காட்டுப்பள்ளித் துறையில் கையில் அள்ளிய தண்ணீரில் எது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று யாரால் சொல்ல முடியும்? மின்சாரமும் அப்படியே. சூரிய ஒளியும் காற்றாலையும் அந்த ஓட்டத்தில் எவ்வளவு சேருகிறதோ அவ்வளவுக்கு எல்லா ரயிலும் ஒரே சமயத்தில் சுத்தமாகிவிடும். எஞ்சினை மாற்ற வேண்டாம், தண்டவாளத்தை மாற்ற வேண்டாம்.

இதற்கு ரயில்வே செய்திருப்பது என்ன? மத்தியப் பிரதேசத்தில் பீனா என்னும் இடத்தில் தரிசாகக் கிடந்த ரயில்வே நிலத்தில் 1.7 மெகாவாட் சூரிய மின் நிலையம் வைத்து, அதை நேரே ரயில் கம்பிக்குக் கொடுக்கும் பரீட்சையை 2020-இல் செய்து பார்த்தார்கள். நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காகத் தென் மாவட்டத்தில் 10.5 மெகாவாட் காற்றாலைகள் 2009 முதல் சுற்றுகின்றன. ஸ்டேஷன் கூரைகளில் சூரியப் பலகைகள் ஏறியிருக்கின்றன. எல்லாம் சரி, ஆனால் ரயில்வேக்கு ஆண்டுக்கு 2,000 கோடி யூனிட்டுக்கு மேல் வேண்டும். இந்தப் பசிக்கு அதெல்லாம் ஊறுகாய் மாதிரி. அதோடு ரயில் ராத்திரியிலும் ஓட வேண்டுமே! சூரியன் ஓவர்டைம் பார்ப்பதில்லை. ஆகையால் பகல் வெயிலையும் ராத்திரிக் காற்றையும் சேர்த்து வாங்குவது, மிஞ்சியதைச் சேமித்து வைப்பது என்று பெரிய பெரிய ஒப்பந்தங்கள் தேவை. 2030 கெடு நிற்குமா நிற்காதா என்பது இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிக்கன விஷயத்தில் ரயில்வேயைக் கட்டாயம் மெச்ச வேண்டும். முன்பெல்லாம் ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளின் இரு முனையிலும் ஒரு டீசல் ஜெனரேட்டர் வண்டி இருக்கும். விளக்குக்கும் ஏர்கண்டிஷனுக்கும் வேண்டி அது வழி நெடுகத் தடதடவென்று எண்ணெய் குடித்துக்கொண்டே வரும். தலைக்கு மேலேயே மின்சாரக் கம்பி இருக்கும்போது இது என்ன கூத்து? கிணற்றடியில் நின்றுகொண்டு கடையில் தண்ணீர் வாங்கிய கதைதான். இப்போது எஞ்சின் வழியாகக் கம்பியிலிருந்தே பெட்டிகளுக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். இன்னொன்று இதைவிட அழகு. புது மாதிரி மின்சார எஞ்சின்கள் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கை மாற்று வாங்கிய அரிசியை அளந்து திருப்பிக் கொடுக்கும் நாணயம்!

முற்றம் வைத்த ஆபீஸ்

ரயிலை விட்டால் அடுத்தது கட்டடங்கள். புது டில்லியில் மத்திய சுற்றுச்சூழல் இலாகாவின் தலைமைக் காரியாலயத்துக்கு இந்திரா பர்யாவரண் பவன் என்று பெயர். 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். ஓர் ஆண்டுக்கு அந்தக் கட்டடத்துக்கு வேண்டிய மின்சாரம் அத்தனையையும் அதன் கூரையே சம்பாதிக்க வேண்டும் என்பது திட்டம். அதற்காக 930 கிலோவாட் சூரியப் பலகைகள்.

ஆனால் என்னைக் கவர்ந்தது கூரை அல்ல. அந்தக் கட்டடத்துக்கு நடுவே ஒரு பெரிய முற்றம் வைத்திருக்கிறார்கள். காற்று தானே ஓடட்டும், வெளிச்சம் தானே விழட்டும், பகலில் விளக்கு வேண்டாம் என்பதற்காக. முற்றம்! தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தக் காலத்துப் பெரிய வீடு எதற்குள்ளே நுழைந்தாலும் முற்றம்தானே கண்ணில் படும்? கையில் கொஞ்சம் காசு வந்ததும் அதைச் சிமெண்டால் மூடி, கீழே இருட்டாகிவிட்டதென்று பகலில் பல்பு போட்டுக்கொண்டவர்கள் நாம். (அத்தை வீட்டு முற்றம் இன்னும் திறந்தே இருக்கிறது. காரணம், மூடுவதற்குக் கொத்தனார் கேட்ட கூலி.)

எல்லா ஆபீஸையும் இடித்துக் கட்ட முடியாது. இருக்கிற ஆபீசில் ஏர்கண்டிஷனை 18 டிகிரியில் வைத்துவிட்டு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் அதிகாரிகள் உண்டு. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் அது இழுக்கும் மின்சாரத்தில் ஆறு சதவிகிதம் மிச்சம் என்று மின்சார இலாகா 2018-இல் சொல்லி, 24 டிகிரி போதும் என்று யோசனை கூறியது. 2020 ஜனவரி முதல் புது யந்திரங்கள் 24-இல்தான் தாமாக ஆரம்பிக்க வேண்டும் என்று விதியும் செய்தார்கள். அப்புறம் இறக்கிக்கொள்ள விரலுக்குத் தடை இல்லை.

சர்க்கார் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் எல்லோர் வீட்டிலும் அத்தாட்சி தொங்குகிறது. எல்.இ.டி. பல்பைச் சொல்கிறேன். 2014 ஆரம்பத்தில் சர்க்கார் கம்பெனி மொத்தமாக வாங்கிய விலையே பல்புக்கு 310 ரூபாய். கோடிக் கணக்கில் வாங்குகிறேன் என்று டெண்டர் மேல் டெண்டராகப் போட்டதில் 2016-இல் அது 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. வீடுகளுக்கும் தெரு விளக்குகளுக்கும் சர்க்கார் கட்டடங்களுக்கும் அதே பல்பு போயிற்று. ரயில்வே 2018-க்குள் தன் ஸ்டேஷன்களையெல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றியது. நாலு பேர் சேர்ந்து கோயமுத்தூரில் மொத்தமாகப் புடவை எடுத்தால் விலை இறங்காதா? அதே ரகசியம்தான்.

எல்லா டெண்டரும் பல்பு டெண்டர் ஆகிவிடவில்லை. 2017-இல் அதே கம்பெனி, சர்க்கார் ஆபீஸ்களுக்காகப் பத்தாயிரம் மின்சாரக் கார்கள் வாங்குவதாகப் புறப்பட்டது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் போதிய தூரம் ஓடவில்லை என்று அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். சார்ஜ் செய்ய இடமும் போதவில்லை. பத்தாயிரத்தில் பெரும் பகுதி வாசலுக்கே வந்து சேரவில்லை. பல்பைப் பழைய மாட்டியிலேயே மாட்டிவிடலாம். காருக்கு மாட்டியை முதலில் ஊர் ஊராக வைக்க வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டிய சர்க்கார் வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ஓய்வு என்று விதி வந்திருப்பதால் எப்படியும் புது வண்டி வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போது எதை வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்.

இதையெல்லாம் ஒரு நீளக் கடிதமாக அத்தைக்கு எழுதினேன். எல்லா இலாகாக்களுக்கும் சேர்த்து, வருஷா வருஷம், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படியாக ஒரே கணக்கு நோட்டு டில்லியில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி என்றும் எழுதினேன்.

கார்டில் பதில் வந்தது. சான்றிதழ் வந்துவிட்டதாம், வாங்கப் போனபோதும் விசிறிகள் சுற்றினவாம். இந்தத் தடவை பியூனே எழுந்து போய் இரண்டை அணைத்தாராம், அத்தையைப் பார்த்துவிட்டு. கீழே, இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதியிருந்தாள்: "பூதலூர் கம்பியில் நெய்வேலி எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று விவரமாக எழுதவும். நோட்டில் ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்."